பயிற்சியில் புலி, மேட்ச்சில் எலி: பள்ளிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் ‘மூளை ஆட்டம்’ கற்றுக்கொடுப்பது எப்படி?

“பிராக்டிஸ்ல சூப்பரா அடிக்கிறான் சார். மேட்ச்னு போனா மட்டும் என்னமோ ஆயிடுது!”

டென்னிஸ் கோர்ட் ஓரத்தில் நிற்கும் பெற்றோர் அடிக்கடி சொல்லும் வசனம் இது. பயிற்சியாளர் கூடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பந்தைப் போட்டுக் கொடுத்தால், பிள்ளை ஃபோர்ஹேண்டில் வெளுத்து வாங்குகிறது. அதே பிள்ளை போட்டியில் இறங்கினால் பாதிப் பந்து வலையில், மீதிப் பந்து வேலியில். மறுபக்கம், ஸ்டைலே இல்லாமல் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்ட இன்னொரு பிள்ளை கோப்பையோடு வீட்டுக்குப் போகிறது.

“பயந்துட்டான்”, “பதற்றம்”, “அதிர்ஷ்டம் இல்ல” என்று காரணம் சொல்வது சுலபம். ஆனால், பல நேரங்களில் உண்மையான காரணம் வேறு. அந்தப் பிள்ளைக்குப் பந்தை அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மேட்ச் ஆடக் கற்றுக்கொடுக்கவில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வியூகத்தை எந்த வயதில், எப்படிச் சொல்லித் தருவது? ஒரே ஒரு கோர்ட் இருக்கும் பள்ளியில் இது சாத்தியமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஃபெடரர் சொன்ன 54 சதவீதக் கணக்கு

2024 ஜூன் மாதம் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசிய ரோஜர் ஃபெடரர், ஒரு கணக்கைச் சொன்னார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. அவற்றில் கிட்டத்தட்ட 80 சதவீத ஆட்டங்களில் வெற்றி. ஆனால், அந்த ஆட்டங்களில் அவர் வென்ற பாயின்ட்டுகள் வெறும் 54 சதவீதம்!

அதாவது, உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரே ஏறக்குறைய இரண்டில் ஒரு பாயின்ட்டைத் தோற்றிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். ஒருவர் ஒவ்வொரு பாயின்ட்டையும் வெல்ல 54 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டென்னிஸ் ஸ்கோர் முறைப்படி, அவர் ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு சுமார் 60 சதவீதமாக உயரும். செட், மேட்ச் என்று போகப் போக இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. எல்லா பாயின்ட்டையும் அழகாக வெல்ல வேண்டியதில்லை. எதிராளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வென்றால் போதும். அந்தக் ‘கொஞ்சம்’ எங்கிருந்து வரும் என்பதுதான் வியூகம்.

ஷாட் தெரியும், ஆட்டம் தெரியாது... ஏன்?

பழைய பயிற்சி முறையில் வரிசை இதுதான்: முதலில் கிரிப், அடுத்து ஸ்விங், பிறகு ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், சர்வ். எல்லாம் ‘செட்’ ஆன பிறகுதான் மேட்ச். இதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடும். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ரெண்டு பந்து அடித்துவிட்டு மறுபடி வரிசைக்குப் போகும் பிள்ளைகளில் பலர், அந்த இரண்டு வருடத்துக்குள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த முறையைக் கேள்வி கேட்டவர்கள் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ராட் தார்ப். 1982இல் அவர்கள் முன்வைத்த யோசனை சிம்பிள். முதலில் ஆட்டத்தை ஆட விடுங்கள். பிள்ளைகளின் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ப ஆட்டத்தைச் சுருக்குங்கள். ஆடும்போது ஒரு சிக்கல் வரும். ‘என்ன செய்யலாம்?’ என்று அவர்களே யோசிக்கட்டும். அந்தச் சிக்கலைத் தீர்க்க எந்த ஷாட் தேவையோ, அதை அப்போது சொல்லிக் கொடுங்கள்.

இதனால் என்ன மாற்றம்? கூடைப் பந்துப் பயிற்சியில் பந்து எங்கே வரும் என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும். மேட்ச்சில் தெரியாது. பந்து எங்கே வருகிறது என்று பார்ப்பது, எங்கே அடிப்பது என்று முடிவெடுப்பது, அடிப்பது என மூன்று வேலை இருக்கிறது. கூடைப் பந்துப் பயிற்சி மூன்றாவதை மட்டுமே வளர்க்கிறது. முதல் இரண்டும் வளராமல் மேட்ச்சுக்குப் போகும் பிள்ளை திணறாமல் என்ன செய்யும்?

இதற்காகக் கூடைப் பயிற்சியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஸ்விங் சரியாக இல்லாமல் எந்த வியூகமும் எடுபடாது. ‘முதலில் டெக்னிக், அப்புறம் வியூகம்’ என்ற வரிசைதான் பிரச்சினை. இரண்டும் சேர்ந்தே வளர வேண்டும்.

முதலில் மாற்ற வேண்டியது பந்தை!

எட்டு வயதுப் பிள்ளையிடம் ‘எதிராளியை இடமும் வலமும் ஓடவிடு’ என்று சொன்னால் நடக்குமா? வழக்கமான மஞ்சள் பந்து தரையில் பட்டு அந்தப் பிள்ளையின் தோளுக்கு மேலே எழும்பும். 23.77 மீட்டர் நீளக் கோர்ட்டில் பந்தை அந்தப் பக்கம் அனுப்புவதே பெரும்பாடு. இதில் யோசிக்க எங்கே நேரம்?

இதற்காகத்தான் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007இல் ‘ப்ளே அண்ட் ஸ்டே’ திட்டத்தைத் தொடங்கியது. முதல் நாளிலிருந்தே சர்வ் போட்டு, ராலி ஆடி, ஸ்கோர் எண்ண வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மூன்று நிறப் பந்துகள், மூன்று படிகள்:

- சிவப்பு: மஞ்சள் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது. கோர்ட் நீளம் சுமார் 11 முதல் 12.8 மீட்டர் வரை.
- ஆரஞ்சு: 50 சதவீதம் மெதுவானது. கோர்ட் நீளம் சுமார் 18 மீட்டர்.
- பச்சை: 25 சதவீதம் மெதுவானது. முழு கோர்ட்.

2012 முதல், 10 வயது மற்றும் அதற்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே வந்துவிட்டது. “என் பொண்ணு மஞ்சள் பந்துலயே ஆடுவா, எதுக்கு இந்தக் குட்டிப் பந்து?” என்று சில பெற்றோர் நினைக்கலாம். மெதுவான பந்து பிள்ளைக்கு நேரத்தைக் கொடுக்கிறது. நேரம் கிடைத்தால்தான் எதிராளி எங்கே நிற்கிறார் என்று நிமிர்ந்து பார்க்க முடியும்.

5 சூழல், 5 வழி... அவ்வளவுதான்!

டென்னிஸ் வியூகம் என்றதும் ஏதோ சதுரங்கம் போல ஆயிரம் கணக்கு என்று பயப்பட வேண்டாம். ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு வீரர் எந்த நொடியிலும் இந்த ஐந்து சூழல்களில் ஒன்றில்தான் இருப்பார்:

1. சர்வ் போடுகிறார்
2. சர்வைத் திருப்பி அடிக்கிறார்
3. இருவரும் பேஸ்லைனில் நின்று ஆடுகிறார்கள்
4. அவர் வலையை நோக்கி வருகிறார்
5. எதிராளி வலையை நோக்கி வருகிறார்

ஒவ்வொரு சூழலிலும் கையில் எடுக்கக்கூடிய வழிகளும் ஐந்துதான்:

1. எதிராளியைவிட ஒரு பந்து கூடுதலாக உள்ளே போடுவது
2. எதிராளியை ஓட வைப்பது
3. அடித்ததும் சரியான இடத்துக்குத் திரும்பி நிற்பது
4. எதிராளியின் பலவீனத்தைத் தாக்குவது
5. தன் பலத்தைப் பயன்படுத்துவது

இந்தப் பட்டியலின் வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. முதல் வழி கைவராத பிள்ளையிடம் நான்காவதைச் சொல்லிப் பயனில்லை. எதிராளியின் பேக்ஹேண்ட் பலவீனம் என்று தெரிந்தாலும், அங்கே நான்கு பந்தைத் தொடர்ந்து போடத் தெரிந்தால்தானே அதைத் தாக்க முடியும்?

தொடக்க நிலையில் பெரும்பாலான பாயின்ட்டுகள் அபாரமான ஷாட்டால் முடிவதில்லை. யாரோ ஒருவர் தவறு செய்வதால் முடிகின்றன. ஒரு பிள்ளை கோட்டை உரசும்படி ‘வின்னர்’ அடிக்க முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு நான்கு உள்ளே விழுந்தால்கூட, ஆறு பாயின்ட்டை எதிராளிக்குத் தானம் செய்துவிடுகிறது. ‘நடுவுல, உயரமா, ஆழமா போடு’ என்பது கேட்கச் சப்பென்று இருக்கலாம். 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அதைவிட நல்ல வியூகம் கிடைப்பது கஷ்டம்.

சர்விலும் இதே கதைதான். பிள்ளைகள் முதல் சர்வை வெறித்தனமாக அடிப்பார்கள். அது வெளியே போகும். இரண்டாவதைப் பயந்து பயந்து தட்டுவார்கள். அதுவும் வலையில். டபுள் ஃபால்ட்! இதற்கு ஒரு எளிய மருந்து: பயிற்சி ஆட்டங்களில் ஒரே ஒரு சர்வுக்குத்தான் அனுமதி. சில வாரம் இப்படி ஆடினால், நம்பிக்கையோடு போடக்கூடிய இரண்டாவது சர்வ் தானாக உருவாகும்.

எதற்கெடுத்தாலும் ‘கிராஸ் கோர்ட்’ என்கிறார்களே, ஏன்?

டென்னிஸ் பயிற்சியாளர்கள் வாயில் அதிகம் புழங்கும் வார்த்தை ‘கிராஸ் கோர்ட்’, அதாவது மூலைவாக்கில் அடிப்பது. இதன் பின்னால் இருப்பது ஒன்பதாம் வகுப்பு வடிவியல்.

- நீளம்: ஒற்றையர் கோர்ட் 23.77 மீட்டர் நீளம், 8.23 மீட்டர் அகலம். பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி நேராக அடித்தால் பந்து விழ 23.77 மீட்டர்தான் இருக்கிறது. மூலைவிட்டத்தில் அடித்தால், பிதாகரஸ் தேற்றப்படி, சுமார் 25.15 மீட்டர். கிட்டத்தட்ட 1.4 மீட்டர் கூடுதல் இடம் இலவசம்!
- வலை: நடுவில் வலையின் உயரம் 91.4 செ.மீ. கம்பங்களில் 1.07 மீட்டர். மூலைவாக்கில் போகும் பந்து வலையைத் தாழ்வான நடுப்பகுதியில் கடக்கிறது. நேராகப் போகும் பந்து உயரமான ஓரத்தைத் தாண்ட வேண்டும்.
- ஓட்டம்: கிராஸ் கோர்ட் அடித்த பிறகு, அடுத்த பந்துக்குத் தயாராக நிற்க வேண்டிய இடம் அருகிலேயே இருக்கும். நேராக அடித்தால், கோர்ட்டின் நடுவைத் தாண்டி மறுபக்கம் வரை ஓட வேண்டும். இல்லையென்றால் எதிராளி காலியான மூலையில் அடித்துவிடுவார்.

அப்படியானால் நேராக அடிக்கவே கூடாதா? அடிக்கலாம், நேரம் பார்த்து. அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர் பால் வார்ட்லா இதை ‘டைரக்‌ஷனல்ஸ்’ என்ற பெயரில் விதிகளாகவே தொகுத்தார். அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ப இப்படிச் சுருக்கலாம்: பந்து மூலையிலிருந்து ஆழமாக வந்தால், வந்த வழியே திருப்பி அனுப்பு. குட்டையாக, சுலபமாக வந்தால் மட்டும் திசையை மாற்று.

சின்னப் பிள்ளைகளுக்கு இதையே டிராஃபிக் சிக்னலாகச் சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. பந்து கஷ்டமாக வந்தால் சிவப்பு, உயரமாகத் தூக்கிப் போட்டுத் தப்பித்துக்கொள். நடுத்தரமாக வந்தால் மஞ்சள், கிராஸ் கோர்ட் ஆடிக் காத்திரு. குட்டையாக வந்தால் பச்சை, முன்னே போய்த் தாக்கு. ஆறு வயதுக் குழந்தைக்கும் இது புரியும்.

மூளையால் ஜெயித்தவர்கள்

வியூகம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்ல, பழைய மேட்ச் கதைகளைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

ஆர்தர் ஆஷ், 1975 விம்பிள்டன் இறுதி: எதிரே 22 வயது நடப்புச் சாம்பியன் ஜிம்மி கானர்ஸ். 32 வயதை நெருங்கியிருந்த ஆஷ், அதற்கு முன் அவரை ஒருமுறைகூட வென்றதில்லை. கானர்ஸுக்கு வேகமான பந்து என்றால் கொண்டாட்டம். அந்த வேகத்தையே திருப்பிக் கொடுத்து எதிராளியை நொறுக்கிவிடுவார். ஆஷ் இயல்பில் ஓங்கி அடிக்கும் ஆட்டக்காரர். அன்று தன் பழக்கத்தையே மாற்றினார். மெதுவாக, தாழ்வாக, வேகமே இல்லாமல் பந்தைக் கொடுத்தார். சர்வை அகலமாகப் போட்டு கானர்ஸை கோர்ட்டுக்கு வெளியே இழுத்தார். முடிவு: 6-1, 6-1, 5-7, 6-4. கோப்பை ஆஷுக்கு.

மைக்கேல் சாங், 1989 பிரெஞ்சு ஓப்பன் நான்காவது சுற்று: வயது 17. எதிரே உலகின் முதல்நிலை வீரர் இவான் லெண்டில். முதல் இரண்டு செட் போய்விட்டது. ஐந்தாவது செட்டுக்குள் காலில் தசைப்பிடிப்பு வேறு. சாங் என்ன செய்தார்? பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டு மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கொண்டார். யாரும் எதிர்பாராத நேரத்தில் கீழ்க்கை சர்வ் போட்டு அந்தப் பாயின்ட்டை வென்றார். மேட்ச் பாயின்ட்டில் சர்வீஸ் கோட்டுக்கு அருகே வந்து நின்று ரிட்டர்னுக்குக் காத்திருந்தார். லெண்டில் டபுள் ஃபால்ட் செய்தார். அந்த ஆண்டுப் பட்டமும் சாங்குக்கே.

ராமநாதன் கிருஷ்ணன்: நம்ம ஊர் உதாரணம். நாகர்கோவிலில் பிறந்து, தந்தையிடமே டென்னிஸ் கற்றவர். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1960, 1961 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டு விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். வேகமான சர்வ் அவருடைய ஆயுதம் அல்ல. பந்தை எங்கே வைப்பது என்ற நுணுக்கமும் மென்மையான தொடுதலும்தான் பலம். 1979இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற மகன் ரமேஷ் கிருஷ்ணனும் அதே வழியில் வந்தவர்தான்.

வகுப்பில் ‘நான் குள்ளம் சார், என்னால வேகமா அடிக்க முடியாது’ என்று ஒதுங்கும் பிள்ளைக்கு இந்தக் கதைகள் தேவை.

30 பிள்ளைகள், ஒரே கோர்ட்: என்ன செய்வது?

பள்ளியின் யதார்த்தம் இதுதான். பி.டி. பீரியட் 45 நிமிடம். ஒரு கோர்ட், அல்லது அதுவும் இல்லை. ஆனால், வியூகம் கற்றுக்கொடுக்க முழு கோர்ட் தேவையில்லை.

இரட்டையர் டென்னிஸ் கோர்ட்டின் அகலம் 10.97 மீட்டர். சிவப்புப் பந்துக் கோர்ட்டின் நீளமும் ஏறக்குறைய அதுதான்! ஆக, கோர்ட்டைக் குறுக்காகப் பிரித்து, நடுவில் 80 செ.மீ. உயரத்தில் நீளமாகக் கயிறோ ரிப்பனோ கட்டினால், நான்கு குட்டிக் கோர்ட் கிடைத்துவிடும். இரட்டையர் ஆடினால் ஒரே நேரத்தில் 16 பேர் விளையாடலாம். பேட்மிண்டன் கோர்ட் இருந்தால் அதுவும் போதும். 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம் என ஏறத்தாழ அதே அளவு. வலையை மட்டும் இறக்கிக் கட்ட வேண்டும்.

மீதி 14 பேர்? அவர்கள் கையில் நோட்டும் பேனாவும். ஒவ்வொருவரும் ஒரு ஆட்டக்காரரைக் கவனித்து நான்கு கட்டங்களில் கோடு போட வேண்டும்: வலையில் அடித்தது, நீளமாகப் போனது, பக்கவாட்டில் போனது, வென்ற ஷாட். பத்து நிமிடம் கழித்து இடம் மாறும்போது அந்தத் தாளை ஆடியவரிடம் கொடுக்க வேண்டும். ‘உன் தப்புல பாதி வலையிலதான்’ என்று சக மாணவி காட்டும்போது, பயிற்சியாளர் பத்து முறை சொல்வதைவிட நன்றாக உறைக்கும். ஆட்டத்தைப் படிக்கும் பழக்கமும் கவனித்தவருக்கு வந்துவிடும்.

ஒரு வகுப்பை இப்படி அமைக்கலாம். பாடம்: எதிராளியை ஓட வைப்பது.

- 10 நிமிடம், ஆட்டம்: குட்டிக் கோர்ட்டில் ஏழு பாயின்ட் வரை மேட்ச். எந்த அறிவுரையும் இல்லை.
- 3 நிமிடம், கேள்வி: “நீ ஜெயிச்ச பாயின்ட்ல எதிராளி எங்க நின்னாங்க? எந்த இடம் காலியா இருந்துச்சு? அந்த இடம் எப்படி காலியாச்சு?”
- 15 நிமிடம், பயிற்சி: இருவரும் ஒத்துழைத்து, ஒருவர் ஒரே இடத்தில் நின்று இடமும் வலமும் மாற்றி மாற்றி அடிக்க, மற்றவர் ஓடி ஓடித் திருப்புவது. பிறகு இடம் மாறுவது.
- 12 நிமிடம், மறுபடி ஆட்டம்: எதிராளியை நகரவைத்து வென்ற பாயின்ட்டுக்கு இரட்டைப் புள்ளி.
- கடைசி 5 நிமிடம்: ‘இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சீங்க?’

இதில் பயிற்சியாளருக்குக் கஷ்டமான பகுதி அந்த மூன்று நிமிடம்தான். ‘அங்க அடி’ என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால், அடுத்த முறையும் பிள்ளை பயிற்சியாளர் முகத்தைத்தான் பார்க்கும்.

கூடுதலாக மூன்று ஆட்டங்கள்:

- ராஜா கோர்ட்: ஒரு பக்கம் ராஜா. மறுபக்கம் வரிசையாகச் சவாலுக்கு வருபவர்கள். தொடர்ந்து இரண்டு பாயின்ட் வென்றால் அரியணை மாறும்.
- பாதி கோர்ட்: மூலைவாக்கில் மட்டுமே ஆட வேண்டும். 11 பாயின்ட் வரை. கிராஸ் கோர்ட் பொறுமை இதில் வரும்.
- பின்தங்கித் தொடங்கு: ஒவ்வொரு கேமும் 0-30 அல்லது 30-40 என்ற ஸ்கோரில் தொடங்கும். நெருக்கடி பழகிப்போகும்.

எல்லா பாயின்ட்டும் ஒன்றா?

2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஃபெடரர் வென்ற பாயின்ட்டுகள் 218. ஜோகோவிச் வென்றவை 204. கோப்பை யாருக்கு? ஜோகோவிச்சுக்கு! 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என முடிந்த அந்த ஆட்டத்தில், மூன்று டைபிரேக்கையும் அவர்தான் வென்றார்.

டென்னிஸின் விசித்திரம் இது. எத்தனை பாயின்ட் என்பதோடு, எந்த பாயின்ட் என்பதும் முக்கியம். 40-0இல் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கலாம். 30-40இல் நன்றாகப் பழகிய ஷாட்டை மட்டுமே நம்ப வேண்டும். ஸ்கோருக்கு ஏற்ப முடிவெடுக்க, முதலில் ஸ்கோர் நினைவில் இருக்க வேண்டும். பிள்ளைகள் மேட்ச்சில் அடிக்கடி மறப்பதும் அதைத்தான்.

இங்கேதான் பாயின்ட்டுகளுக்கு இடையே உள்ள 25 வினாடி உதவுகிறது. விதிப்படி, ஒரு பாயின்ட் முடிந்து அடுத்த சர்வ் வரை அதிகபட்சம் அவ்வளவு நேரம் எடுக்கலாம். பக்கம் மாறும்போது 90 வினாடி. தோற்ற கோபத்தில் உடனே அடுத்த சர்வைப் போடும் பிள்ளை, தனக்கு உரிய நேரத்தைத் தானே தூக்கி எறிகிறது. அந்த நேரத்தில் செய்ய ஒரு வழக்கம் சொல்லிக் கொடுக்கலாம்: எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பு, ஆழமாக மூச்சு விடு, ஸ்கோரைச் சொல், அடுத்த பாயின்ட்டுக்கு ஒரே ஒரு திட்டம் வை. ‘சர்வ் பேக்ஹேண்டுக்கு’ என்பது போல ஒரு வரி போதும்.

அம்பயர் இல்லாத மேட்ச்: பந்து உள்ளேயா, வெளியேயா?

டி.வி.யில் பார்க்கும் டென்னிஸில் கோட்டைக் கேமராக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஜூனியர் போட்டிகளில், குறிப்பாகத் தொடக்கச் சுற்றுகளில், பெரும்பாலும் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் அம்பயர் இருக்க மாட்டார். 11 வயதுப் பிள்ளைதான் ஆட்டக்காரர், அதுவே நடுவரும்கூட. சண்டை, அழுகை, ‘அவன் ஏமாத்திட்டான்’ எல்லாம் தொடங்குவது இங்கேதான்.

ஆகவே, ஃபோர்ஹேண்டைப் போலவே இதையும் பாடமாகச் சொல்லித் தர வேண்டும்:

- வலைக்குத் தன் பக்கம் விழும் பந்துக்குத் தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
- கோட்டைத் தொட்டாலே பந்து உள்ளே.
- ‘அவுட்’ என்பதை உடனே, எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும்.
- சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே. பலன் எதிராளிக்கே.
- ஒவ்வொரு முதல் சர்வுக்கு முன்பும் சர்வ் போடுபவர் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.
- பந்துத் தடத்தைப் பார்த்து முடிவு செய்வது மண் தரையில் மட்டுமே செல்லும்.

ஸ்கோரில் தகராறு வந்தால்? ‘40-30’ என்கிறது ஒரு பிள்ளை, ‘30-40’ என்கிறது இன்னொன்று. இருவரும் பாயின்ட்டுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். முதல் பாயின்ட் யாருக்கு என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு என்றால், அதை விட்டுவிட்டு, இருவரும் ஒப்புக்கொள்ளும் 30-30இலிருந்து தொடரலாம். தீராவிட்டால், கையை உயர்த்தி நடுவரையோ போட்டி அதிகாரியையோ அழைக்கலாம். அழைப்பது தவறல்ல, அது உரிமை என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இது தெரியாமலேயே பல கேம்களை இழக்கிறார்கள்.

பயிற்சி ஆட்டங்களிலேயே இதைப் பழக்கலாம். தவறான தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்டு எதிராளிக்குப் பாயின்ட் கொடுக்கும் பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினால், அது வகுப்பின் பழக்கமாகவே மாறும்.

இரட்டையரை ஒதுக்காதீர்கள்

இடம் குறைவான பள்ளிக்கு இரட்டையர் ஆட்டம் ஒரு வரம். ஒரே கோர்ட்டில் நான்கு பேர். பேசி முடிவெடுக்கப் பழகலாம்: நடுவில் வரும் பந்து யாருக்கு? யார் முன்னே, யார் பின்னே? தோற்றால் பழியைப் பகிர்ந்துகொள்ள ஒரு தோழர் வேறு. இந்திய டென்னிஸின் பெரிய வெற்றிகள் பலவும் இங்கிருந்தே வந்தவை. 1999இல் லியாண்டர் பயஸ் - மகேஷ் பூபதி ஜோடி நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதிகளுக்கும் போய், பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றது. 2024 ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை ரோகன் போபண்ணா வென்றபோது அவருக்கு வயது 43!

பெற்றோர் என்ன செய்யலாம்?

தனிநபர் டென்னிஸில் ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து ஆலோசனை சொல்வது நீண்ட காலம் தடை செய்யப்பட்டிருந்தது. 2025 ஜனவரி 1 முதல், போட்டி நடத்துவோர் அனுமதித்தால், கோர்ட்டுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் சுருக்கமாக ஆலோசனை சொல்லலாம் என்று சர்வதேச விதி மாறியிருக்கிறது. உங்கள் பிள்ளை ஆடும் போட்டியில் அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அனுமதி இருந்தாலும், வேலிக்கு வெளியிலிருந்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கத்துவது ஆலோசனை ஆகாது.

தோற்ற பிள்ளையை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வீடு திரும்பும் அந்த அரை மணி நேரம் முக்கியமானது. ‘அந்த ஈஸி பந்தை ஏன்டா விட்ட?’ என்று தொடங்கினால், அடுத்த மேட்ச்சில் பிள்ளை பந்தைப் பார்க்காது, வேலிக்கு வெளியே இருக்கும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். பசிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மேட்ச் பேச்சைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போடலாம். அப்போதும் ‘எத்தனைக்கு எத்தனை?’ வேண்டாம். இந்த மூன்று கேள்வி போதும்:

- இன்னிக்கு என்ன ப்ளான் வெச்சிருந்த?
- எது வேலை செஞ்சுது?
- மறுபடி அவங்களோட ஆடினா எதை மாத்துவ?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளையிடமிருந்து பதில் வந்தால், அந்த வாரப் பயிற்சிக்கான பாடம் கிடைத்துவிட்டது. அதை அப்படியே பயிற்சியாளரிடம் கொண்டுபோய்ச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, பிள்ளை.